உறைக்குள் இருந்த யானை

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு சனிக்கிழமை மதியம் சதுரங்க ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தியபோது, மில் தொழிலாளி கன்னியப்பனிடம் இரண்டு யானைகள் மிஞ்சியிருந்தன. எதிரே ஆபீஸ் கிளார்க் இராமதாசிடம் ராணி. ஜெயிப்பவர் புதுச்சேரி அணியில் டெல்லி போகலாம். டிரா என்றால் அடுத்த ஞாயிறு மறு ஆட்டம். வழக்கப்படி கன்னியப்பன் தன் அடுத்த நகர்த்தலைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்தான். மறுநாள் காலை அதைப் பிரித்துத்தான் ஆட்டம் தொடரும்.

சாயங்காலம் அரியாங்குப்பத்தில் தெய்வசிகாமணியின் சைக்கிள் கடையில், ஷிப்டு முடிந்த கூட்டம் பலகையைச் சூழ்ந்துகொண்டது.

"ரெண்டு யானையும் ஒண்ணுக்கொண்ணு காவலா நின்னா ராணி கிட்ட வர முடியாதுடா. நம்மாளு அதத்தான் எழுதியிருப்பான்" என்றான் தெய்வசிகாமணி. பஞ்சர் ஒட்ட வந்தவர்கூட ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

கன்னியப்பன் பலகையை இன்னொரு முறை பார்த்தான். அவன் எழுதியது அதுவல்ல. ஒரு சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ஒரு யானையைத் தனியே அனுப்பிவிட்டான். ராணி ராஜாவுக்குச் செக் வைத்து, அடுத்த நகர்த்தலில் அந்த யானையைத் தூக்கிவிடும். அதை இந்தப் பாழாய்ப்போன பலகையில் இப்போதுதான் கண்டான். இருபது வருஷமாக ஆடுகிறவன்! இதை எப்படிச் சொல்வது? கூட்டம் அவனை ஏற்கெனவே ரயிலேற்றியிருந்தது. அவன் மனைவி தனக்கொடி டெல்லிக் குளிருக்கு ஸ்வெட்டர்கூட இரவல் வாங்கிவிட்டாள்.

ஞாயிறு காலை இராமதாஸ் கண் சிவந்து வந்தார். அவரும் ராத்திரி முழுக்க இரண்டு யானைகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நடுவர் உறையைப் பிரிக்கக் கத்தரியை எடுத்ததும், "டிரா வச்சுக்கலாங்களா?" என்றார் இராமதாஸ்.

"ஒத்துக்காத! ஒத்துக்காத!" என்று பின்னாலிருந்து சைக்கிள் கடையே கூவியது. கன்னியப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். நடுவர் உறையைப் பிரிக்காமலே அவனிடம் திருப்பித் தந்தார். தெய்வசிகாமணி தலையில் அடித்துக்கொண்டு வெளியேறினான்.

வாசலில் இராமதாஸ் கைகூப்பி நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் தோத்த ஆட்டங்க அது, எனக்குத் தெரியும். பாவம்னு விட்டுக் குடுத்தீங்களே, இந்த மனசு யாருக்கு வரும்? அடுத்த ஞாயித்துக்கெழம நான் வரலீங்க. நீங்களே டெல்லி போங்க."

அடித்தது யோகம்! கன்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு நாலு எட்டு நடந்தான். ஐந்தாவது எட்டுக்குக் கால் வரவில்லை. அந்த மனுஷனின் கும்பிடு அவன் முதுகில் சுட்டது. வெட்கமாக இருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்து, உறையை அவர் கையில் திணித்தான்.

இராமதாஸ் பிரித்துப் படித்தார். விரலால் காற்றிலேயே ராணியை நகர்த்திப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு வந்துடுறேன்" என்றார்.