நூற்றுப் பதினான்காம் பக்கத்து முருகன்

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

தங்கபுஷ்பம் அக்கா அடையாற்றங்கரையில் முப்பது வருடம் குடியிருந்தவர். அங்கிருந்த வீடுகளை இடித்த நாளில், ரேஷன் கார்டை எடுக்க உள்ளே ஓடிய அவர் கணவர் வெள்ளைச்சாமி மீது சுவர் விழுந்தது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை என்று மறுநாளே அதிகாரிகள் அறிக்கை விட்டார்கள். அந்த மனிதர் செத்ததற்கு ஒரு தாளிலும் சாட்சி இல்லை. அதனால்தான், பேராசிரியர் ஸ்ரீரங்கன் தன் ஆய்வுக்காகப் பேட்டி கேட்டபோது, அக்கா மூன்று நாள் உட்கார்ந்து சொன்னார். அதைப் பதிவு செய்து தட்டச்சு செய்தவள், பேராசிரியரிடம் உதவியாளராக இருந்த நான்.

"அவரு பேரு புக்ல வரும்ல?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். "கட்டாயம் வரும்மா" என்றார் பேராசிரியர்.

வெளியீட்டு விழா மயிலாப்பூரில் ஓர் ஏசி அரங்கில் நடந்தது. பெருங்குடியையும் தாண்டி எங்கோ கொண்டுபோய்க் குடிவைத்த காலனியிலிருந்து அக்கா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு. மேடையில் 'குரலற்றவர்களின் குரல்' என்று ஆளாளுக்கு முழங்கினார்கள். குரலுக்குச் சொந்தக்காரியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு என்ன முழக்கம் வேண்டிக்கிடக்கிறது!

விழா முடிந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "இங்கிலீசுல கீதும்மா. அவரு பேரு எங்க கீதுன்னு காட்டு."

நானும் அப்போதுதான் அச்சான புத்தகத்தைப் பார்க்கிறேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ரேஷன் கார்டு, சுவர் எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தன. செத்தவர் பெயர் மட்டும் முருகன். மனைவி பெயர் செல்வி. அப்படியே படித்துக் காட்டினேன்.

"முருகனா? யாரு அது?"

பேராசிரியர் அருகில் வந்தார். "ஆய்வு நெறிம்மா அது. பேரை மாத்தித்தான் போடணும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"செத்துப்போனவருக்கு இன்னா சார் பாதுகாப்பு?" அக்காவின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. "யாருமே சாவலன்னு அவுங்க எழுதுனாங்க. செத்தது வேற எவனோன்னு நீ எழுதிக்கினு வந்துக்கிற!"

அட்டையில் பேராசிரியரின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. அதற்கு எந்த நெறியும் குறுக்கே வரவில்லை.

அக்கா என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு விற்பனை மேசைக்குப் போனார். பக்கத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். முருகனை அடித்துவிட்டு, வெள்ளைச்சாமி என்று தமிழில் கொட்டை எழுத்தில் எழுதினார். பிறகு அடுத்த பிரதி. அதற்கடுத்தது.

"மதுமதி, வேலை போயிடும்!" என்று பேராசிரியர் பல்லைக் கடித்தார். போகட்டும் என்று நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

சற்றுமுன் மேடையில் கண்கலங்கிய பெரியவர் ஒருவர் ஒரு பிரதியைத் திறந்து முகம் சுளித்தார். "கிறுக்காத காப்பி ஒண்ணு இருந்தா குடும்மா."

மேசைக்கடியில் பிரிக்காத புத்தகப் பெட்டி ஒன்று இருந்தது.

"இதுதான் சார் இருக்கு" என்று அக்கா எழுதிய பிரதியையே அவர் கையில் திணித்தேன். பிறகு அந்தப் பெட்டியை அக்கா பக்கம் இழுத்துப் பிரித்தேன்.