வெயில் ஏறினால்தான் விரியும்

வீட்டுக்குப் பின்னால் கிடந்த, குடும்பத்துக்குப் பொதுவான நிலத்தைக் கல்குவாரிக்கு விற்றே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான் கொழுந்தன். விற்றால் அண்ணி தூங்கும் அறைக்குப் பக்கத்திலேயே வெடி வைப்பார்கள். அவன் அண்ணன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

அவளைக் காப்பாற்ற அந்த நிலத்தில் ஒரு பூச்செடி இருந்தது. செம்பருத்தி இனம், வறண்ட கல்மண்ணில் சாண் உயரம்கூட வளராது. வெளிறிய ரோஜா நிறப் பூ, இதழுக்கு ஒரு சிவப்புப் பொட்டு. அது முளைக்கிற இடத்தில் குவாரி கூடாதென்று சட்டம் இருந்தது. வனத்துறை அதிகாரி கண்ணால் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

கொழுந்தன் லேசுப்பட்டவனா? வெயிலுக்கு முன்னால் போனால் சாருக்குச் சிரமம் இருக்காது என்று தேனொழுகப் பேசி, விடிந்ததும் தன் ஜீப்பிலேயே அவரைக் கூட்டிவந்துவிட்டான். வெயில் ஏறாமல் அந்தப் பூ விரியாது. அதுவரை மொட்டும் சொரசொரத்த இலையுமாகக் களை மாதிரிதான் கிடக்கும்.

"பூவைப் பார்க்காம எழுத முடியாதும்மா," என்றார் அதிகாரி.

"கொஞ்சம் இருங்க சார், விரிஞ்சிடும்."

"அண்ணிக்கு வேற வேலை இல்ல. நாம கிளம்பலாம் சார்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரத்தைக் கடத்த வேண்டுமே! ஜீப்பை மறித்து நின்று சண்டையை இழுத்தாள். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லாவிட்டால் கொழுந்தனுக்குத் தலை வெடித்துவிடும், அது அவளுக்குத் தெரியும். கிணறு, வேலி, தன் கல்யாணத்தில் அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டது என்று ஒன்றையும் விடவில்லை. அவனும் சளைக்கவில்லை. அதிகாரி பாவம், ஜீப் நிழலில் குந்திவிட்டார்.

கடைசியில் அவனுக்கே அலுத்துப்போனது. "எப்படியோ கத்திட்டுப் போங்க," என்று சாவியை எடுத்தான். மொட்டு இன்னும் அசையவில்லை.

"சாகக் கிடந்தப்போ உன் அண்ணன் என்ன சொன்னார் தெரியுமாடா? அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன், உள்ள விடாதேன்னார்!"

பச்சைப் பொய். மூச்சு அடங்கும்வரை அந்த மனிதர் கேட்டது தம்பியைத்தான். தம்பி வந்து சேருவதற்குள் போய்விட்டார்.

கொழுந்தன் சாவியும் கையுமாக அப்படியே நின்றான். அதிகாரி சங்கடத்தோடு செடிகள் பக்கம் நகர்ந்தார். வெயில் சுள்ளென்று ஏறியது.

"விரிஞ்சிருச்சும்மா! நான் எழுதிடறேன்," என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

கொழுந்தன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கிட்டே வந்து, "அண்ணன் நிஜமாவே அப்படிச் சொன்னாரா அண்ணி?" என்று கேட்டான்.

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"ஆமா," என்றாள்.