இம்ப்ளூவியம் வழியே ஏறிய சங்கிலி

“என் அடிமை, என் சங்கிலி! வழிய விடுங்கம்மா!” என்று முனாட்டியஸ் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்த, “சங்கிலிய வேணா தெருவுல பொறுக்கிக்கய்யா, ஆளு இப்ப எங்க வீட்டுல இருக்கான்” என்று யூப்பிட்டர் பூசாரியின் மனைவி உள்ளிருந்தே பதில் கொடுக்க, எதிரே கொண்டைக்கடலை விற்கும் ஒப்பியா ஈரக்கையோடு ஓடிவந்து கதவோரம் எட்டிப்பார்த்தாள்... சத்தம் கேட்டுத்தான் வந்தாளாம், அந்த அடிமை டாமாவுக்காக இல்லையாம், தெருவே நம்பிவிட்டது. விருந்தாளி மடியில் மீன்குழம்பைக் கொட்டிவிட்டான், அதற்குச் சவுக்கடி, போன முறை கிழிந்த முதுகே இன்னும் ஆறவில்லை, இந்த முறை உயிர் தாங்குமா... இழுத்துப்போகிற வழியில் உதறிக்கொண்டு இந்த வீட்டுக்குள் பாய்ந்தானே, எப்படித் தோன்றியது அவனுக்கு? உடுப்பில் ஒரு முடிச்சுகூடப் போடக்கூடாத பூசாரி, அவர் கூரைக்குக் கீழே கட்டோடு ஒருவன் நிற்கலாமா? அவர் காலையும் பிடித்துவிட்டான், பிடித்தவனை அன்று அடிக்கக்கூடாது என்பது யூப்பிட்டர் விதி, ஆகவே இன்று அடி கிடையாது. நாளை? நாளையைப் பற்றி யூப்பிட்டர் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

கழற்றிய சங்கிலி வாசல் வழியாகப் போகக்கூடாது, நடுக்கூடத்துக் கூரைத் திறப்பிலிருந்து கயிறு இறங்கியது, மழை விழுகிற வழியிலேயே இரும்பு மேலே கிளம்பியது, எல்லோரும் அண்ணாந்து பார்க்க ஒப்பியா மட்டும் கீழே பார்த்தாள், இம்ப்ளூவியத்தை, மழைநீர் தேங்கிய அந்தச் சதுரத் தொட்டிக்குள் வானம் கிடந்தது, மேலே சங்கிலி ஏற ஏறத் தண்ணீருக்குள் அது இறங்கிக்கொண்டே போனது, ஆழமாக, இன்னும் ஆழமாக, முழங்காலுக்கும் எட்டாத தொட்டியில் இவ்வளவு ஆழம் எங்கிருந்து வந்தது... சங்கிலி ஓடுகள்மேல் கரகரவென்று இழுபட்டு, தெருவில் மடேரென்று விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, தன் வலது கை இடது மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது, அந்தப் பழைய தழும்பின்மேல்... இவளுக்கு விடுதலை கிடைத்து எத்தனை காலம், இவளுடையதை யார் கழற்றினார்கள், எங்கே போட்டார்கள், அது இப்போது யார் கையில்? வெளியே முனாட்டியஸ் சங்கிலியைத் தோளில் அள்ளிக்கொண்டிருந்தான், நல்ல இரும்பாயிற்றே.

அந்தக் கோடைக்குள் முனாட்டியஸ் வீட்டை விற்றுவிட்டுக் கபுவா ஊருக்குப் போய்விட்டான், டாமாவையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு. ஒப்பியா ஒரு சலவைக்காரனைக் கட்டிக்கொண்டு டைபர் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனாள், கூரையில் திறப்பில்லை, கீழே தொட்டியில்லை, ஆனாலும் மழை பெய்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கிறாள். “ஒழுகுதான்னு பாத்தேன்” என்கிறாள் புருஷனிடம். அவனும் நம்பிவிட்டான்.