சாவி என் பையில்

எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டி, உயர் அழுத்த மின்கம்பி போகும் இரும்பு டவர் ஒன்று நிற்கிறது. அதன் இடுப்பில் செல்போன் ஆன்டெனாக்களை மாட்டப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்தபோது தெருவே எதிர்த்து நின்றது. நான் அதே டவரில் ஏறி இறங்குகிற லைன்மேன். "புதுசா எதுவும் கட்டப்போறதில்ல, நிக்கிற டவர்லதான் மாட்டறாங்க" என்று வீடு வீடாகப் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கியவன் நான்தான். என் வாயைத்தான் முதலில் தைத்திருக்க வேண்டும்.

முதல் கையெழுத்து என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் எங்களோடு இருந்தவர்.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும். தப்பாப் போனாலும் அவரு கொல்லைப் பக்கமா தப்பிச்சு ஓட முடியாது, அங்கதான் டவர் நிக்குது" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

ஆன்டெனாக்களோடு ஒரு விதியும் வந்தது. ஏறும் வழி அவற்றின் முகத்துக்கு நேராகப் போவதால், கதிர்வீச்சு படாமலிருக்க, ஏறுகிறவன் முதலில் டவரின் காலடியில் இருக்கும் சுவிட்ச் பெட்டியில் அவற்றை அணைக்க வேண்டும். பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு ஏற வேண்டும். கீழே நிற்கிறவர் அவசரப்பட்டுத் திறந்துவிடக் கூடாது அல்லவா? நல்ல விதிதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் மேலே இருக்கும்வரை தெருவில் ஒரு போனும் பேசாது. தூரத்தில் இருந்த பழைய செல்போன் டவரை, இனி எதற்கு என்று கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் நான் ஏறினாலே மொட்டை மாடிகளில் ஆட்கள் முளைப்பார்கள். போனைத் தூக்கி ஆட்டி என்னைத் திட்டுவார்கள். திட்டு மேலே வந்து சேராது, ஆட்டுவது மட்டும் தெரியும். நானும் பதிலுக்குக் கையாட்டுவேன். மச்சான் கொல்லையில் நின்று போனைத் தூக்கிக் காட்டி, அழுகிற மாதிரி கண்ணைக் கசக்குவார். எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை. கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டுகளில் விரிசல் விட்டவற்றை மாற்ற ஏறியிருந்தேன். பத்து மணிக்குள் மூன்று பேர் வந்து, கீழே நின்ற எங்கள் ஃபோர்மேனிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். ஆளை விட்டால் போதும் என்று அவர் டவரைச் சுற்றியிருக்கும் வேலியின் கதவைச் சாத்திவிட்டு, ஜீப்புக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்தரை இருக்கும். கொல்லையில் என் மனைவி வந்து நின்றாள். இரண்டு கையாலும் போனைத் தூக்கி ஆட்டினாள். ஏதோ கத்தினாள், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒருநாளும் இந்த விளையாட்டில் சேர்ந்ததில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மச்சான்தான் ஏவிவிட்டிருக்கிறார் என்று நினைத்து, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையாட்டினேன். அவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசல் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. மேலிருந்து அதன் கூரை மட்டும்தான் தெரிந்தது. யார் வீட்டுக்கோ சாமான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த தட்டை மாட்டினேன்.

இறங்கும்போது பதினொன்றேகால். பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். ஃபோர்மேன் கண்ணாடியை இறக்கினார்.

"உன் வீட்டம்மாவும் வந்து வேலியத் தட்டுனாங்கப்பா. சிக்னல் இல்லேன்னுதான் வந்திருப்பாங்கன்னு நினைச்சு, பொறுங்கன்னு கையக் காட்டிட்டேன். கோவிச்சுக்கப் போறாங்க."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன்.

நாலைந்து நிமிடத்தில் சிக்னல் வந்தது. என் போன் விடாமல் அடித்தது. எல்லாம் அவள் அனுப்பி, சிக்னல் இல்லாமல் தேங்கிக் கிடந்த மெசேஜ்கள்.

"அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டார்."

"ஆம்புலன்சுக்கு போன் போகவே மாட்டேங்குது. இறங்குங்க."

"ரோட்ல போன வேனை நிறுத்திட்டேன்."

கடைசியாக ஆஸ்பத்திரியின் பெயர் மட்டும். போனை அப்படியே ஃபோர்மேனிடம் நீட்டினேன். அவர்தான் என்னை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

மச்சானை முகத்தோடு சேர்த்துத் துணியால் மூடிவைத்திருந்தார்கள். அவள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏறும்போது இடுப்பில் கட்டிய பெல்ட்டைக்கூட நான் அவிழ்க்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"நீங்க கையாட்டினப்ப, பாத்துட்டீங்க, இறங்கி வந்துருவீங்கன்னு நினைச்சேன்" என்றாள். "உள்ள போய் அண்ணன்கிட்ட சொன்னேன். 'மாப்பிள்ளை வர்றார்'னு. அவரும் வாசலையே பாத்துட்டிருந்தார். அப்புறம்தான் வேலிக்கு ஓடினேன்."

என் சட்டைப் பையில் சாவி கிடந்தது. அதைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.