பாடியவர் பெயர்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் ஒலி முகம்மது. சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக்கடையில், வாயில் பரோட்டாவோடு கொடுத்தார். தொலைக்காட்சி நிலையத்தில் மைக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். (ஒலிக்காரருக்கு ஒலி என்று பெயர் வைத்தது என் குறும்பு என்று நினைப்பீர்கள். அது அவருடைய வாப்பா வைத்த பெயர். நான் இட்டுக்கட்டிய இடங்களைத் தேடுவதானால் வேறு பக்கம் தேடுங்கள்.)

"அறுபத்துநாலுல ஒரு டிராமா. நேரடி ஒளிபரப்பு. நடுவுல ஒரு அம்மா படுதாவுக்குப் பின்னாலேருந்து நடந்து வந்துட்டாங்க லா. கதையில அப்படி ஒரு ஆளே கிடையாது."

"யாரு?"

"சிவகாமசுந்தரி. அந்தக் காலத்துப் பேசும்பட நடிகை."

அவர் இன்னொரு பரோட்டா சொன்னார். என் டீ ஆறிவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மைக் கட்டியிருந்த மாமரக் கிளையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.' அழகாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்து அடித்தேன். ஆனால் காக்கை நிஜம். சிவகாமசுந்தரியே பின்னாளில் வானொலி நிலையத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்த கதை அது. அப்போதெல்லாம் படப்பிடிப்பில் முகத்தையும் குரலையும் ஒரே நேரத்தில்தான் பிடிக்க முடியும். ஆர்மோனியக்காரர் புதருக்குள் ஒளிந்து வாசிப்பார். காக்கை கரைந்தால் பாட்டு முழுவதையும் மறுபடி பாட வேண்டும். பதினாறு வயதுச் சிவகாமசுந்தரி காக்கைக்கு அலுக்கும்வரை பாடினாள்.

சில படங்களில் கதாநாயகியாக நடித்தாள். பிறகு குரலையும் முகத்தையும் தனித்தனியே பிடிக்கிற வித்தை வந்தது. படமுதலாளி புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்.

"நீ உள்ளே நின்னு பாடு. அந்தப் பொண்ணு வாயசைக்கும்."

"படத்துல என் பேரு வருமா?"

"குரலுக்கு ஏதும்மா பேரு?"

அவள் அன்றே வண்டியேறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு படம் எதுவும் வரவில்லை.

3

1951இல் ஒரு நாடகக் குழுவோடு சிங்கப்பூர் வந்தார். (மேலே 'அவள்', இங்கே 'அவர்'. முப்பது வயதைத் தாண்டியவரை 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.) குழு கப்பலேறித் திரும்பியது. இவர் தங்கிவிட்டார். ஏன்?

'துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர்மேல் அவருக்கு' என்று எழுதத் தொடங்கி நிறுத்தினேன். எந்தப் பெண் எங்கே தங்கினாலும் காரணம் ஓர் ஆண்தானா? வானொலி நாடகத்தில் வேலை கிடைத்தது. அவ்வளவே எனக்குத் தெரியும்.

"எல்லாச் சின்னப் பொண்ணு வேஷமும் அவங்களுக்குத்தான்," என்றார் ஒலி முகம்மது. "நாப்பது வயசுல பதினஞ்சு வயசுக் குரல்!"

ஒருநாள் தேக்கா சந்தையில் இவர் மீன் விலை கேட்க, குனிந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "இந்தா பாப்பா" என்று நிமிர்ந்தாராம். எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட, நரைத்த பெண்மணி. மனிதர் திகைத்து, "ரேடியோ அக்காவா!" என்று ஒரு மீனை அதிகமாகப் போட்டார். சிவகாமசுந்தரி வீடுவரை சிரித்துக்கொண்டே போனாரா, அழுதுகொண்டே போனாரா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருந்துகின்றன.

4

தொலைக்காட்சி வந்தது. தயாரிப்பாளர் கோவிந்தசாமி ஒரு நாடகம் போட்டார். கதாநாயகி ரோசம்மா, தட்டச்சு வேலை பார்த்த பெண். நல்ல முகம், பாட்டு வராது. கோவிந்தசாமி சிவகாமசுந்தரியிடம் வந்தார்.

"நீங்க படுதாவுக்குப் பின்னால நின்னு பாடினாப் போதும்மா."

இருபது வயதில் உதறியதை நாற்பத்தாறில் ஏன் ஏற்றார்? 'பணத்துக்காக' என்பது முதல் பிரதி. 'பாட ஆசை' என்பது இரண்டாவது. ஒலி முகம்மது இரண்டையும் தள்ளினார்.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க. பாடியவர்னு பேர் போடணும்னு. கோவிந்தசாமியும் தலையாட்டினார்."

5

அன்று படுதாவுக்குப் பின்னால் சிவகாமசுந்தரிக்கு ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தார்கள். ரோசம்மாவின் உதட்டைப் பார்த்துப் பாடுவதற்காக. அதில் பெயர்கள் ஓடின. ரோசம்மா, கோவிந்தசாமி, ஆர்மோனியக்காரர், சேலை கொடுத்து உதவிய கடை. பாடியவர் இல்லை. காமிராவுக்குக் காட்டுகிற பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை என்று அதை எழுதியவர் சொன்னபோது கோவிந்தசாமி பேசாமல் விட்டிருக்கிறார்.

பாட்டுக்கான இடம் வந்தது. ஆர்மோனியம் தொடங்கியது. ரோசம்மா உதட்டைத் திறந்தாள். குரல் வரவில்லை.

படுதாவை விலக்கிக்கொண்டு, வீட்டுச் சேலையும் மூக்குக்கண்ணாடியுமாக, சிவகாமசுந்தரி விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்து வந்தார். கண்ணாடி அறைக்குள் கோவிந்தசாமி தலையில் கைவைத்தார். ரோசம்மா திரும்பினாள். ஒத்திகையில் இல்லாத வசனம் ஒன்று அவள் வாயில் வந்தது.

"வாங்க அத்தை. நீங்களே பாடுங்க."

6

"பாடினாங்க," என்றார் ஒலி முகம்மது. "முழுப் பாட்டும். நான்தானே மைக்கை அவங்க பக்கம் திருப்பினேன்!"

கதையை இங்கேயே முடித்திருப்பேன். கெட்ட நேரம், ஓஃபிர் ரோட்டுத் தேவாலய வாசலில் ரோசம்மாவைப் பார்த்தேன்.

"அவங்க பாடலைங்க," என்றார். "வாயைத் திறந்தாங்க, தொண்டை அடைச்சிருச்சு. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. வேற வழி? நான்தான் பாடினேன். கேவலமா இருந்துச்சு."

"ஒலி முகம்மது வேற மாதிரி சொல்றாரே?"

"அவருக்கு அந்தக் குரல்மேல உசிரு. மைக்ல அவருக்கு அதுதான் கேட்டிருக்கும்."

கேவலமாகப் பாடினேன் என்று யாராவது பொய் சொல்வார்களா? மைக்கைப் பிடித்தவருக்குத் தெரியாமல் போகுமா? நேரடி ஒளிபரப்பு, பதிவு இல்லை. கோவிந்தசாமி வாயே திறக்க மாட்டேன் என்கிறார். ஆனால் அடுத்த நாடகத்திலிருந்து 'பாடியவர்' என்பதுதான் முதல் வரியாக வந்தது. ரோசம்மாவை மறுபடி யாரும் நடிக்கக் கூப்பிடவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. சிவகாமசுந்தரி இன்னும் இரண்டு வருடம் வானொலியில் சின்னப் பெண்ணாகப் பேசிவிட்டு மலேசியாவின் ஈப்போவுக்குப் போய்விட்டார். தேடிப் போனேன். வீடு மாறியிருந்தார்.

7

அந்த மாலையில் நீங்களும் பார்த்திருக்கலாம். ஏதாவதொரு சமூக மன்றத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே, பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு. அப்படியானால் என்னைவிட உங்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களும் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

ஆர்மோனியக்காரர் சுருதியை விடவில்லை. காமிரா தயங்கி, மெல்ல, படுதாவிலிருந்து வந்தவர் பக்கம் திரும்புகிறது. இப்போது பெட்டி நிறைய ஒரே முகம். சிவகாமசுந்தரி மூச்சை இழுக்கிறார். உதடு பிரிகிறது. பிறகு