ஒன்பதாவது மாடிக்குப் போன வீடு

எட்டு மாதத்தில் அந்த வீடு முதல் மாடியிலிருந்து ஒன்பதாவது மாடிக்குப் போனது. கட்டடத்துக்கு இருந்ததே ஒரு மாடிதான். கீழே தையல்காரரின் கடை. மேலே, ஓட்டல் விரிப்புகளைத் துவைக்கும் லாண்டரியில் வேலை பார்த்த ஒருத்தி தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு குடியிருந்த ஓர் அறையும் சமையல் மூலையும். அதற்கு மேல் வானம். வீடு ஏற ஏறப் படிக்கட்டும் கூடவே வளர்ந்தது. மாடிக்குப் பதினெட்டுப் படி, அதே பச்சைப் பெயிண்ட், அதே ஆட்டம் கண்ட கைப்பிடி. நடுவில் விட்டுப்போன இடத்தில் சுவரும் இல்லை, தரையும் இல்லை. காக்கைகள் குறுக்கே பறந்து போயின. வீட்டுக்காரர் ஒருநாள் வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, நடுவில் காலியாகக் கிடப்பதை வாடகைக்கு விட வழியுண்டா என்று தையல்காரரிடம் விசாரித்தார். வழியில்லை என்று தெரிந்ததும் போய்விட்டார்.

வீடு ஏறியதை முதலில் கவனித்தவர் குழந்தைகள் நலத்துறையின் களப்பணியாளர். ஐம்பது வயதை நெருங்கியவர். வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குவது அவர் வேலை. தோளில் எந்நேரமும் ஒரு கனத்த பை தொங்கியதால் அவர் பொறுப்பிலிருந்த முப்பத்தொரு குடும்பங்களின் பிள்ளைகளும் அவரை ‘பை ஆன்ட்டி’ என்றே சொன்னார்கள். லாண்டரிக்காரியின் வீட்டுக்கு அவர் போகத் தொடங்கியது பெரியவளின் மணிக்கட்டில் இருந்த தீக்காயத்தைப் பார்த்து வகுப்பு டீச்சர் எழுதிய கடிதத்தால். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டு. பிள்ளை இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுவிட்டாள் என்று தாய் சொன்னாள். துறை அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, குறைகளுக்குப் புள்ளி போட்டு வரச் சொன்னது. நாற்பது புள்ளி தாண்டினால் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கும்படி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும்.

மற்ற களப்பணியாளர்கள் போன் செய்துவிட்டுப் போவார்கள். அவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போனபோது தரை பளபளத்தது, குழந்தை புதுச்சட்டையில் சிரித்தது. எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்கு நாள் கழித்து அந்தக் குழந்தைக்கு ஒரு கண் போனது. அதிலிருந்து எந்த வீட்டுக்கும் அவர் சொல்லிவிட்டுப் போனதில்லை. கதவைத் தட்டி, திறந்த கையோடு உள்ளே போய், பால் பாத்திரத்தைத் திறந்து மோந்து பார்ப்பார், தலையணைகளை எண்ணுவார், மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார். அலுவலகத்தில் அவரைப் போலக் கறாரான ஆள் இல்லை என்று பேர் இருந்தது.

லாண்டரிக்காரியின் வீட்டுக்கு முதல் தடவை போய்விட்டு வந்தார். அடுத்த மாதம் போனபோது அது இரண்டாவது மாடியில் இருந்தது. தான்தான் படியை மறந்துவிட்டோம் என்று நினைத்தார். அதற்கடுத்த மாதம் மூன்றாவது மாடி. படிவத்தில் அப்படியே எழுதினார். மேற்பார்வையாளர் பழைய படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, போன தடவை இரண்டு என்றல்லவா இருக்கிறது, பழையதைத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டுக் கொடும்மா என்றார். மாதாமாதம் திருத்தினார்கள், கோப்பு ஒழுங்காக இருந்தது.

வீடு உயர்ந்த அளவுக்குப் புள்ளியும் உயர்ந்தது. நான்காவது மாடிக்கு மோட்டார் தண்ணீர் ஏறவில்லை. குடிநீர் வசதி இல்லை என்று மூன்று புள்ளி. தாயும் பெரியவளும் வாளி சுமந்தார்கள்; பிள்ளைக்கு வயதுக்கு மீறிய வேலை என்று நான்கு புள்ளி. நூறு படி இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மணியடித்துவிடும். பதிமூன்று நாள் ஆப்சென்ட். முதல் மாடியில் யாரும் கண்டுகொள்ளாத கம்பியில்லாத ஜன்னல் ஏழாவது மாடியில் ஆபத்தான ஜன்னல் ஆனது. எட்டாவது தடவை போய்வந்தபோது நாற்பத்து மூன்று புள்ளி சேர்ந்திருந்தது. களப்பணியாளர் ஒரு புள்ளியைக்கூட மனசாட்சிக்கு விரோதமாகப் போடவில்லை. கூட்டிப் பார்த்துவிட்டு, தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் கூட்டினார்.

நீதிமன்றத்துக்கு எழுதுமுன் சரிபார்ப்பதற்கு அதே மாதத்தில் இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது. வாசல் கேட்டில் கைவைக்கப்போன நேரத்தில் பெரியவள் காலி வாளியோடு கடைசிப் படியில் இறங்கி நின்றாள்.

“இருங்க ஆன்ட்டி, தொறக்காதீங்க. மேல அடுப்புல பால் இருக்கு.”

“அதுக்கும் கேட்டுக்கும் என்னடா கண்ணு?”

“நீங்க வரப்போறது அம்மாவுக்குத் தெரியாது. ஆனா வீட்டுக்குத் தெரிஞ்சிரும். நீங்க கேட்டைத் தொறந்ததும் தரை தூக்க ஆரம்பிக்கும். எல்லாம் சிந்திரும்.” குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு, எண்ணிக்கை விட்டுப்போகாமல் படிகளை எண்ணியபடி ஏறிப் போனாள்.

களப்பணியாளர் கேட்டைவிட்டுக் கையை எடுத்தார். தையல்காரரின் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று வருடத்தில் முதல் தடவையாக, போனை எடுத்துக் கீழே வந்திருக்கிறேன், மேலே வரட்டுமா என்று கேட்டார். தாய்தான் எடுத்தாள்.

“இன்னிக்கு வேணாம் மேடம். சின்னவளுக்குக் காய்ச்சல் அடிக்குது.”

அந்த நான்கு நாளில் யாராவது கேட்டிருந்தால் கண் போன குழந்தையின் வீட்டிலும் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. காய்ச்சல் என்றால் என்ன காய்ச்சல், எத்தனை நாளாக, உண்மையிலேயே காய்ச்சல்தானா? நூற்றைம்பது படிக்கு மேல் ஒரு குழந்தை கிடக்கிறது. ஏறினால் வீடு இன்னும் ஒரு மாடி போகும். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. தையல்காரர் வாயில் ஊசியோடு, “ஏங்க்கா, போறதுன்னா போங்க, இல்லேன்னா டீ சொல்றேன். ரெண்டுக்கும் நடுவுல நின்னா என் மெஷினுக்கு வெளிச்சம் மறைக்குது” என்றார். அவர் டீ வேண்டாம் என்றார். போகவும் இல்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மூன்று தடவை எழுந்து கேட் வரை போய்த் திரும்பினார். நகத்தைக் கடித்ததில் ரத்தம் வந்தது.

நாற்பத்தோராவது நிமிடத்தில் மேலே லிப்ட் நிற்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. வீடு ஒரு மாடி இறங்கி எட்டாவதில் நின்றது. தையல்காரர் கத்திரியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்து, இறங்கவும் செய்யுது போல என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தாய் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவள் பின்னால் வர, படியிறங்கி வந்தாள். ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்து நின்றாள்.

“நீங்க இன்னும் போகலையா?”

“நீ வேணாம்னு சொன்னே. அதான் மேல வரல.”

 தாய் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். கூட வர்றீங்களா, அக்கா?”

ஆஸ்பத்திரி பெஞ்சில் சின்னவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, எட்டு மாதமாக எந்த மெத்தைக்கடியிலும் கிடைக்காத விஷயத்தைத் தாயே சொன்னாள். லாண்டரியில் ஐந்து மணி ஷிப்டு. அவள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். எட்டரைக்கு ஒரு ஓட்டம் வந்து பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னவளை லாண்டரிக்குத் தூக்கிப்போகும்வரை இரண்டு பிள்ளைகளும் தனியாகத்தான் இருப்பார்கள். தங்கைக்குப் பால் காய்ச்சப் போய்த்தான் பெரியவள் சுட்டுக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. களப்பணியாளர் போனதெல்லாம் பிற்பகல்களில். இல்லாத இஸ்திரிப் பெட்டி இல்லை என்பதை அவரும் எழுதத் தவறியிருந்தார். பிள்ளைகளைத் தனியே விடுவதற்குப் பத்துப் புள்ளி. சொல்லி முடித்ததும் தாய், இப்ப மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள். ஐம்பத்து மூன்று என்றார் அவர். மறைக்கவில்லை.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினார். ஐந்து மணி ஷிப்டையும் எழுதினார், தான் போன ஒவ்வொரு தடவையும் வீடு ஏறியதையும் எழுதினார். பிள்ளைகளைப் பிரிக்காமல் ஆறு மாதம் விட வேண்டும், லாண்டரியில் ஷிப்டை மாற்றக் கடிதம் கொடுக்க வேண்டும், இனி கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று முடித்தார். மேற்பார்வையாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நான்தான் சார்.”

“கண் போன பிள்ளை விஷயத்துலயும் நீதானேம்மா சொன்னே.”

 தான் கையெழுத்துப் போட்ட இடத்தை அவர் காட்டினார். நீதிபதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இப்போது எத்தனை படி? நூற்று நாற்பத்து நான்கு என்று தாய் சொன்னாள். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டு ஆறு மாதம் கொடுத்தார். பிறகு இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்.

ஷிப்டு ஒன்பது மணிக்கு மாறியது. களப்பணியாளர் கேட்டுவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும் வீடு ஒரு மாடி இறங்கியது. ஒருமுறை நான்கு மணிக்கு என்று சொல்லிவிட்டு மூன்றுக்கே போய்விட்டார். வீடு அரை மாடி ஏறி ஒரு வாரம் இரண்டுங்கெட்டானாக நின்றது. வேண்டாம் என்று தாய் சொன்ன நாட்களும் இருந்தன. அந்த நாட்களில் அவர் தூங்கவில்லை. மற்ற முப்பது வீடுகளில் எதற்குச் சொல்லிவிட்டுப் போவது, எதற்குச் சொல்லாமல் போவது என்பதற்குக் கடைசிவரை அவருக்கு ஒரு விதி கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, அந்தந்த வாசலுக்கு மட்டும் முடிவு செய்தார். சிலது சரியாக இருந்தது. சிலது இல்லை.

கோப்பை மூடிய அன்று வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. அதற்குக் கீழே அது இறங்கவில்லை; எவ்வளவு காலம் பார்த்தாலும் இனி இறங்காது என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. தண்ணீர் அதுவரை ஏறுகிறது. ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. வீட்டுக்காரர் மின்சார இணைப்பை இரண்டாம் மாடி என்று மாற்றி எழுதி வாங்கிவிட்டார். கீழே முதல் மாடி இருந்த வெற்றிடத்தில் தையல்காரரும் லாண்டரிக்காரியும் ஆளுக்கொரு கொடி கட்டித் துணி காயப்போடுகிறார்கள். நாலு பக்கமும் சுவர் இல்லாததால் மழைக்காலத்திலும் சீக்கிரம் காய்கிறது.