சுலைஹா போட்ட பூட்டு

பிரமிளாவின் கைப்பேசியில் எழுதுகிறவர்களுக்கான செயலிகள் ஏராளமாக இருந்தன. ஒன்று மழைச் சத்தம் போடும். ஒன்று சொற்களை எண்ணும். இன்னொன்று, ஒழுங்காக உட்கார்ந்து எழுதினால் திரையில் மரம் வளர்க்கும். நாவல்தான் மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்டவில்லை.

பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வீடு கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில். காலையில் ரயில், பிறகு பெர்ரி எனும் பயணிகள் படகு; மாலையில் அதே வழி. அந்த நேரத்தைத்தான் எழுத்துக்கு ஒதுக்கியிருந்தாள். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் பதில் போட்டு, ஒரு சமையல் வீடியோ பார்த்து, மழைச் சத்தத்தை மாற்றி வைப்பதற்குள் படகு கரை சேர்ந்துவிடும்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டில் பக்கத்து மேசை சுலைஹாவிடம் சொன்னாள். கணக்குப் பிரிவில் இருந்த சுலைஹா கையில் கிடைக்கும் கதையையெல்லாம் படிக்கிறவள்.

"புதுசா ஒரு ஆப் இருக்குக்கா. எல்லாத்தையும் பூட்டிரும். எழுதுற பக்கம் மட்டும்தான் தொறக்கும்."

"அப்ப போடு லா."

"போட்டேன். தொறக்கிற நம்பரை நான்தானே வச்சேன்? நானே தொறந்துட்டேன்."

சுலைஹா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தாள். "போனைக் குடு. நம்பரை நான் வைக்கிறேன்."

அன்று மாலையிலிருந்து பயண நேரத்தில் கைப்பேசி பூட்டிக்கொண்டது. அழைப்புகள் மட்டும் வரும். இரண்டே நாளில் பிரமிளா படகிலிருந்தே சுலைஹாவை அழைத்துக் கெஞ்சினாள். "தங்கச்சி கல்யாணப் புடவை படம் அனுப்பிட்டுப் போன் பண்ணாக்கா. ஒரே ஒரு தடவை!"

"ஒரு அத்தியாயம் காட்டு. தொறந்து விடறேன்."

கோபத்தோடு பிரமிளா படகில் எதையோ கிறுக்கி மறுநாள் நீட்டினாள். நாவலின் நாயகி நவமணி, லாரி ஓட்டுகிறவள். முன் அத்தியாயங்களை ஏற்கெனவே படித்திருந்த சுலைஹா பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"இது என்னை ஏமாத்த எழுதுனது. நவமணி இப்படியா பேசுவா?"

பிரமிளாவுக்குச் சுருக்கென்றது. தன்னைத் தவிர இன்னொருத்தி நவமணியை உயிருள்ள மனுஷியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மாலையில் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். படகு புறப்பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அத்தியாயங்கள் வந்துகொண்டே இருந்தன. சுலைஹா சாப்பாட்டு நேரத்தில் படித்தாள், சண்டை போட்டாள், அடுத்ததைக் கேட்டாள். கடைசி அத்தியாயத்தில்தான் எல்லாம் நின்றது. லாரியை விற்கச் சொல்லி நவமணியின் அண்ணன் நெருக்குகிறான். பிரமிளாவுக்கு முடிவு தெரியவில்லை.

"விக்கிறாளா இல்லையா, அத மட்டும் சொல்லு," என்றாள் சுலைஹா. "நம்பரைக்கூடத் தந்துடறேன்."

"வேணாங்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

இரண்டு வாரம் தவித்தாள். ஒரு மாலை படகிலிருந்து இறங்கி, பட்டர்வொர்த் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நவமணி திடீரென்று வாய் திறந்தாள். அண்ணனுக்கு அவள் சொன்ன பதிலைப் பிரமிளாவின் விரல்களால் துரத்திப் பிடிக்கத்தான் முடிந்தது. ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. கடைசி வரியில் முற்றுப்புள்ளி வைத்ததும் துள்ளி எழுந்து, "முடிஞ்சிருச்சு!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த சீனப் பெண்மணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணவன் சிவநேசனை அழைத்தாள். "ரயிலை விட்டுட்டேங்க!"

"அதுக்கு ஏன் சிரிக்கிற?"

"நாவலை முடிச்சிட்டேன்!"

மறுபக்கம் சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். பிறகு, "அங்கேயே இரு. கார் எடுத்துட்டு வரேன். இன்னிக்கு வெளிய சாப்பிடறோம்!"

மறுநாள் சுலைஹா தேநீர் வேளைவரை கடைசி அத்தியாயத்திலிருந்து தலை நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "லாரிய மட்டும் வித்திருந்தா உன்கூடப் பேசியிருக்கவே மாட்டேன்."

கோலாலம்பூர் பதிப்பகம் ஒன்று நாவலை ஏற்றது. பினாங்கில் நடந்த வெளியீட்டுக்கு அலுவலகமே வந்தது. பிரமிளா கையெழுத்திட உட்கார்ந்தபோது மேசையிலிருந்து வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். முதல் ஆளாக நின்ற சுலைஹா, புத்தகத்தை வாங்கியதும் பின்னால் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கைநீட்டி எச்சரித்தாள்:

"யாரும் கடைசி அத்தியாயத்த மொதல்ல படிச்சிராதீங்க, சொல்லிட்டேன்!"